இடப்பக்கத்து ஸ்டூல்

தலையில் அடிபட்டவனுக்குக் கோபம் அதிகமாக வரும் என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னாராம். அடிபடுவதற்கு முன்பே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. கோபம் அப்படியேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் மரத்துப்போயிற்று. வண்டியிலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது, இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

நான் முடி வெட்டுகிறவன். என் மனைவியின் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு சலூன் நடத்துகிறோம். இரண்டே நாற்காலி. ஜன்னலோரம் இருப்பது என்னுடையது. பதினெட்டு வருடமாக அதற்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

எனக்கு என்ன கோளாறு என்றால், இடது பக்கம் கிடையாது. கண் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கண் நன்றாகவே தெரிகிறது. மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு இருட்டாகவா தெரிகிறது? ஒன்றுமே தெரிவதில்லை அல்லவா? அப்படித்தான் இதுவும்.

மருத்துவமனையில் மூன்று வாரம், என் மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்கும். பக்கத்துக் கட்டிலுக்கு வருகிற யாரோ அவளைப் போலவே பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள், எனக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் கட்டிலை அப்படியே திருப்பிப் போட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து என் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்த?" என்றேன்.

"முதல் நாளே."

அழ வேண்டிய இடம் என்று எனக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை. ஒரு சுளை வாங்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தட்டோடு சண்டை. "இவ்வளவுதானா சோறு? வீட்ல பஞ்சமா?" என்று கத்துவேன். அவள் தட்டை அரைச் சுற்று திருப்புவாள். மிச்சச் சோறும் ஒரு முழு முட்டையும் எங்கிருந்தோ வந்து நிற்கும். வீட்டுக்கும் வந்துபோகிற பயிற்சிப் பெண் இதைப் பார்த்துவிட்டு அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"தட்டத் திருப்பாதீங்கக்கா. அவர்தான் தலையத் திருப்பணும்."

தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினாள். டேப் கண்ணில் படும்வரை கழுத்தைத் திருப்ப வேண்டும். பிறகு மேஜை, கதவு, முகம் பார்க்கும் கண்ணாடி என்று எல்லாவற்றிலும் டேப். "வீட்டையே பார்சல் கட்டி அனுப்பிடலாம் போலிருக்கு" என்றாள் என் மனைவி. முன்பென்றால் சிரித்திருப்பேன்.

போன வாரம் மச்சான் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே மென்று விழுங்கினான்.

"மாப்ள, ஒத்தை ஆளா என்னால முடியல. ஒருத்தன் வேலை கேக்குறான். திங்கக்கிழமை வரட்டுமாங்கிறான். அதுக்கு முன்னாடி நீ ஒரு தலை வெட்டிக் காட்டு. என் தலையவே எடுத்துக்க. சரியா வந்துச்சுன்னா அவன் வேணாம்."

என் நாற்காலிக்குப் பின்னால் எவனோ ஒருவன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை வெட்டிக் காட்டுறேன்" என்றேன்.

ஞாயிறு காலை, கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு மச்சான் என் நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடியின் இடது ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தது. என்னை அழைத்துவந்த மனைவி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். இடது கையில் சீப்பு, வலது கையில் கத்தரி. கை எதையும் மறக்கவில்லை. இரண்டு முறை டேப்பைத் தேடிப் பார்த்தேன். அப்புறம் வேலை சூடுபிடித்ததும் டேப்பாவது ஒன்றாவது! கழுத்தைத் துடைத்து, துணியை உதறினேன்.

"எப்படி?"

மச்சான் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அருமை மாப்ள. கை அப்படியே இருக்கு. நாளைக்கே வந்துடு. அவன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பரவாயில்லை, நாற்காலி இருக்கிறது.

"உனக்கு வெக்கமா இல்லையாண்ணா?"

என் மனைவியின் குரல். கடைக்குள்தான் இருந்திருக்கிறாள்.

"பாதித் தலைதான் வெட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் புதர் மாதிரி அப்படியே நிக்குது."

"சும்மா இரும்மா" என்றான் மச்சான். "நான் தொப்பி போட்டுக்கிட்டாப் போச்சு."

சீப்பை விட்டெறிந்தேன். "காதுல பூ சுத்துறியாடா? நீ நல்லாருக்குன்னு சொன்னா நான் நம்பிடுவேன்டா! பாத்தாலும் எனக்குத் தெரியாது, அதான்டா என் வியாதியே. நாளைக்கு முடி வெட்டிக்க வர்றவனும் ஐயோ பாவம்னு சொல்லாமப் போயிடுவான். நான் இங்க நின்னு பாதிப் பாதித் தலையா வெட்டிக்கிட்டே இருப்பேன்."

மச்சான் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கொடுத்துவைத்தவன்.

என் மனைவி சீப்பைப் பொறுக்கி என் கையில் வைத்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, தட்டைத் திருப்புவது போலவே, தன் அண்ணனை அரைச் சுற்று திருப்பினாள். கத்தரியே படாத அரைத் தலை ஒன்று என் முன்னால் வந்து நின்றது. அடேயப்பா, எவ்வளவு முடி!

"திருப்பக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு திட்டுமே" என்றேன்.

"வீட்ல தலையத் திருப்புங்க. இங்க நாற்காலி சுத்தத்தான இருக்கு, வெட்டுங்க."

வெட்டினேன்.

திங்கட்கிழமை முதல் ஆளாகத் தபால்காரர் வந்தார். என் மனைவி வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்திருந்தாள். நாற்காலிக்கு இடப்பக்கம் கொண்டுபோனாள்.

"அங்க எதுக்குப் போடுற? இந்தப் பக்கம் உக்காரு, நீ இருக்கிறதாவது எனக்குத் தெரியும்."

"நீங்க பாக்காத பக்கத்துக்குத்தான ஆள் வேணும்" என்றாள். ஸ்டூலும் அவளும் காணாமல் போனார்கள்.

திட்ட வாயைத் திறந்தேன். கோபம் வரவில்லை.

வெட்டினேன், நாற்காலியைச் சுற்றினேன், மறுபடி வெட்டினேன். தபால்காரரைக் கண்ணாடிக்கு நேராகக் கொண்டுவந்தேன். "பிரமாதம்பா, பழைய ஆளாவே வந்துட்டியே!" என்றார். ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கத்திடம் கேட்டேன்.

"முடிஞ்சுதா?"

கத்தரியைக் கீழே வைக்காமல் நின்றேன்.

"காதுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள்.

நாற்காலியைத் திருப்பினேன்.