பந்து எங்க?

குடாக்கரைக் கழகத்துப் பெண்கள் ஹொக்கியில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்ற சனிக்கிழமை, சோமசேகரம் வீட்டுக்குப் போய், தோற்றுவிட்டோம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார்.

மறுநாள் காலை சீலா றஊப்புக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"றஊப் நானா, இவரை நேற்று என்ன செய்து அனுப்பினீங்கள்? வச்ச புட்டு வச்ச மாதிரிக் கிடக்கு. சீனி வருத்தக்காரன் வெறும் வயித்தில குளிசை போட ஏலுமே? ஒரு மட்ச் தோத்ததுக்கு இவ்வளவா?"

"தோத்ததா? ஆர் சொன்னது?"

"இவர்தான்."

"தங்கச்சி, வெண்டது நாங்க. மூண்டு கோல்."

சீலா கேட்டாள்: "அப்ப பக்கத்தில இருந்து நீங்கள் மூண்டு பேரும் என்னதான் சொன்னனீங்கள்?"

போனை வைத்த பிறகும் றஊப் அந்தக் கேள்வியோடேயே கிண்ணியாவிலிருந்த தன் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். பேசாமல் இருப்பது தொழிலோடு வந்த பழக்கம்.

இருபத்திரண்டு வருடங்களாக அவர்கள் நால்வரும் ஹொக்கி பார்த்து வந்தார்கள். மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னாலிருந்த சீமெந்துக் கட்டுதான் அவர்களுடைய இடம். கடைக்காரர் ஜவ்பர், வங்கியில் வேலை செய்யும் டினேஷ், றஊப், சோமசேகரம். நால்வரிலும் வாய் பெரிது சோமசேகரத்துக்குத்தான். நடுவரின் விசிலில் தொடங்கினால், தரையில் கிடக்கும் கல், அணியைத் தெரிவு செய்தவர்களின் மூளை என்று ஏறி, நாட்டின் விளையாட்டுத்துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார். கேட்பதற்கென்றே பக்கத்தில் ஆட்கள் வந்து உட்காருவார்கள்.

காணி அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவராக இருந்தார். சீனி வருத்தம் முதலில் ஒரு கண்ணை எடுத்தது. மற்றதையும் விட்டுவைக்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். எட்டு மாதமாக வீட்டைவிட்டு இறங்காதவரைக் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் சனிக்கிழமைதான் மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் சொல்லுகிறோம், நீ கேள் என்று வாக்குக் கொடுத்தது றஊப்தான்.

என்ன சொன்னோம்? இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. "விசில விழுங்கிட்டான் போல," என்றார் ஜவ்பர். "வெளிநாட்டில எல்லாம் நீலத் தரையில தண்ணி தெளிச்சு விளையாடுறாங்கள், நாங்கள் கல்லில மாரடிக்கிறம்," என்றான் டினேஷ். "சுலக்ஷனா திரும்பவும் பந்த வச்சுக்கொண்டு நிக்கிறாள், குடுக்கிறாளில்ல" என்றது றஊப். மூன்று தடவை கைதட்டல் எழுந்தது. மூன்று தடவையும் ஜவ்பர், "கோல்கீப்பர் நித்திரை" என்றார். எந்தப் பக்கத்துக் கோல்கீப்பர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேரம் றஊப் பாலத்தைக் கடந்து திருகோணமலையில் சோமசேகரம் வீட்டுக்குப் போனார். சோமசேகரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். முகம் ஜன்னலின் வெளிச்சத்தைப் பார்த்திருந்தது.

"வெண்டனாங்களாம்," என்றார். "சீலா சொன்னவ."

"ஓம் மச்சான்."

"சந்தோசம்."

கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பலொன்று குடாவுக்குள் ஊதியது. அது ஓயும் வரை சோமசேகரம் பொறுத்திருந்தார்.

"இனி வரமாட்டன் றஊப். கோவமில்ல. கிரவுண்ட் முழுக்க என்ட மண்டைக்குள்ள கிடக்கு. கோட்டுக்குக் கோடு கீறித் தருவன். அதில பந்த மட்டும் நீங்கள் வைக்கிறீங்களில்ல. ஒண்டும் தெரியாம இருக்க வேணுமெண்டா இந்தக் கதிரை காணும்."

கேற் வரை வந்த சீலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரேடியோவும் வேண்டாமெண்டுட்டார். ஆக்கள் வந்தா நித்திரை மாதிரிக் கண்ணை மூடுறார். நேற்று ஒரு நாளுக்குத்தான் தானாக் கேட்டுச் சேட்டுப் போட்டவர். அதையும் விட்டாரெண்டா இந்த மனிசன் கதிரையைவிட்டு எழும்ப மாட்டார், நானா."

புதன்கிழமை சீமெந்துக் கப்பல். கிரேன் அறையிலிருந்து பார்த்தால் கப்பலின் சரக்கறை வாய்தான் தெரியும். உள்ளே அடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. வாயின் விளிம்பில் நின்று, கையிலிருக்கும் வோக்கி-டோக்கியில் சக தொழிலாளி ஹஸ்மி சொல்ல வேண்டும். பதினொரு வருடமாக அவன்தான் சொல்லுகிறான்.

"இடது. இன்னும் கொஞ்சம். நில். இறக்கு. மெதுவா. மெதுவா. நில்."

றஊப்பின் கை கேட்டபடி அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத பாரம் தெரியாத இடத்தில் பத்திரமாக இறங்கியது. திடீரென்று அவருக்கு ஒன்று உறைத்தது. இதே ஹஸ்மிதான் தேத்தண்ணி நேரத்தில் வாய் ஓயாதவன். வெயில், சம்பளம், சப்பாத்து, மேலதிகாரியின் மூக்கு, எல்லாவற்றிலும் அவனுக்குக் குறை. வோக்கியைக் கையில் எடுத்த பிறகு ஒரு குறை வந்து றஊப் கேட்டதில்லை.

அன்றைய தேத்தண்ணிக்கு இறங்கியபோது கேட்டார். "வோக்கியில உனக்கு ஒண்டும் வாயில வராதாடா?"

"வரும்தான் நானா. கீழ நாலு பேர் நிக்கிறானுகளே. நான் என்ட கதைய அளந்துகொண்டு நிண்டா மூட்டை ஆரட தலையிலயோ போய் விழும்." கோப்பையை வாயில் வைத்தவன் உடனே எடுத்தான். "இதென்ன தேத்தண்ணியா, கழுநீரா?"

சனிக்கிழமை மூன்று மணிக்கு றஊப் சோமசேகரத்தின் கேற்றடியில் பைக்கை நிறுத்தினார்.

"ஒரேயொரு தரம்," என்றார். "அவங்கள் ரெண்டு பேரும் இல்லாம. நீயும் நானும்."

சோமசேகரம் குரல் வந்த பக்கம் திரும்பினார். "அரைவாசி ஆட்டம். பிடிக்கேல்லையெண்டா வீட்ட கொண்டுவந்து விட வேணும். பிறகு ஒரு நாளும் கேக்கப்படாது."

"சரி."

கோலுக்குப் பின்னால் போகாமல், நடுக்கோட்டுக்கு நேரே இருவரும் உட்கார்ந்தார்கள். கந்தளாய் அணியோடு ஆட்டம். தூரத்தில் ஜவ்பரும் டினேஷும் கை காட்டினார்கள். றஊப் பார்க்காததுபோல் இருந்தார்.

விசில் ஊதியது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது, தனக்குப் பார்க்கத் தெரியாது என்று. பந்து ஓடிய வேகத்துக்குச் சொல் வரவில்லை. "அங்கால... இல்ல, இங்கால... எடுத்திட்டாள்... விட்டிட்டாள்," என்று தடுமாறினார். வாய் தானாகப் பழைய பாதைக்குத் திரும்பியது. "இந்தப் பிள்ளைகளுக்கு எத்தின தரம் சொன்னாலும்..."

"பந்து எங்க?" என்றார் சோமசேகரம்.

"ஆ... றோட்டுப் பக்கம். அவையிட டியில இருந்து பத்தடி," என்றார் றஊப். கோலுக்கு முன்னாலிருந்த அரைவட்டம்தான் டி.

"ஆரிட்ட?"

"நிரோஷினியிட்ட. இப்ப சுலக்ஷனாவுக்கு வந்திட்டுது."

"பிறகு?"

"வச்சிருக்கிறாள். இன்னும் வச்சுக்கொண்டு நிக்கிறாள்..."

அந்த இடத்தில்தான் ஒவ்வொரு கிழமையும் அவர் ஜவ்பரின் பக்கம் திரும்பி, குடுக்கிறாளில்லப் பார், என்பார். இன்று திரும்ப முடியாது. பக்கத்தில் ஒரு முகம் காத்துக்கொண்டிருந்தது. அதனால் பார்த்துக்கொண்டேயிருந்தார். சுலக்ஷனா மட்டையால் பந்தை ஒரு தடவை இழுத்தாள், மறுபடி தள்ளினாள், இரண்டு பேரைத் தன் பக்கம் வரவிட்டாள். அந்த நேரத்தில் மைதானத்தின் மறு ஓரத்தில், தலையில் கறுப்பு முக்காட்டோடு, நிப்லா ஓடத் தொடங்கியிருந்தாள்.

"நிப்லா ஓடுறாள்! கடல் பக்கத்தால. மச்சான், இதுக்குத்தான் இவள் நிண்டவள்! விட்டிட்டாள், நீட்டுக்கு, நிப்லா பிடிச்சிட்டாள்..."

பந்து கோல் கம்பத்துக்கு வெளியே போனது. கோல் இல்லை. ஆனால் சோமசேகரம் முன்னால் சரிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் பந்தைப் பார்த்ததாக றஊப் நினைத்திருந்தார். பிழை நடக்கும் இடத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நிப்லா எத்தனை கிழமை இப்படி ஓடியிருப்பாள்?

பிறகு மெல்ல மெல்ல வழி பிடிபட்டது. கடல் பக்கம், றோட்டுப் பக்கம், எங்கட டி, அவையிட டி. நான்கு சொல்லுக்குள் மைதானம் அடங்கியது. சில இடங்களில் சோமசேகரமே முந்தினார். "இது அடி, தள்ளினதில்ல. சத்தம் வேற," என்பார். பார்த்தால் சரியாக இருக்கும். இரண்டாவது காற்பகுதியில் கந்தளாய்ப் பிள்ளைகள் ஒரு கோல் அடித்தார்கள். றஊப் அதையும் விட்டுவைக்காமல் சொன்னார். அடித்தவள் எப்படி மூன்று பேரைத் தாண்டி வந்தாள், கோல்கீப்பர் ஷாமிலா எந்தப் பக்கம் பாய்ந்தாள், பந்து அவளுடைய காற்காப்புக்கு மேலால் எப்படி ஏறிப் போனது.

"நல்ல கோல்," என்றார் சோமசேகரம். அவர் வாயிலிருந்து எதிரணிக்கு அப்படி ஒரு சொல் வந்ததை றஊப் முன்னர் கேட்டதில்லை.

சற்று நேரத்தில் விசில் நீளமாக ஊதியது.

"என்ன, என்ன?"

"ஆட்டத்த நிப்பாட்டிட்டார். ஊருக்குள்ள திரியிற மான் ரெண்டு உள்ளுக்கு வந்திட்டுது."

"எந்தப் பக்கத்தால?"

"றோட்டுப் பக்கத்தால. ஒண்டு அவையிட டிக்குள்ள நிண்டு புல்லுத் தேடுது."

"அங்க எங்க புல்லு? எங்கட ஆளோ, அவையிட ஆளோ?"

"கொம்பிருக்கு. நடுவராயிருக்கும்."

சோமசேகரம் சிரித்தார். எட்டு மாதத்துச் சிரிப்பு என்பதால் இருமலோடு வந்தது. றஊப் கலங்கிய முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பாவிட்டாலும் சோமசேகரத்துக்குத் தெரியப்போவதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இடைவேளைக்கு றஊப் எழுந்து நின்றார். சொன்ன சொல் சொன்ன சொல்தான். பைக் சாவியைக் கையில் எடுத்தார். அதன் சத்தம் சோமசேகரத்துக்குக் கேட்டிருக்கும்.

அவர் அசையவில்லை. "தண்ணி இருக்கா?" என்றார். "உனக்குத்தான் கேட்டனான். தொண்டை காய்ஞ்சு போச்சு, பேச்சில தெரியுது."

ஜவ்பர் தண்ணீர்ப் போத்தலோடு வந்து சேர்ந்தார். பின்னால் டினேஷ். "என்னடாப்பா, ரெண்டு பேரும் தனிக்குடித்தனம் போயிட்டீங்க? நாங்க என்ன தீட்டா?" என்றார் ஜவ்பர்.

"இருக்கலாம்," என்றார் சோமசேகரம். "ஒரு நிபந்தனை. பந்து எங்க எண்டு சொன்ன பிறகுதான் மற்றக் கதை."

"அது ஒரு பெரிய வேலையா?" என்று உட்கார்ந்த ஜவ்பர், ஆட்டம் தொடங்கியதும், "இந்த அம்பயருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"பந்து."

"கடல் பக்கம். இந்த அம்பயருக்கு..."

"இப்ப எங்க?"

"அட, இப்ப நடுவில. இல்ல இல்ல, கோலடியில! அல்லாஹ்வே, ஒரு நிமிசம் நிண்டாத்தானே நான் அம்பயரப் பத்திச் சொல்ல!"

டினேஷ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கினான். மூன்றாவது காற்பகுதி முடியும் தறுவாயில் நிரோஷினி சமன் செய்தாள். அதை மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் சோமசேகரத்துக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஆனாலும் யாருடைய கோல் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

கடைசி இரண்டு நிமிடம். றஊப்பின் குரல் கரகரத்துப்போயிருந்தது.

"சுலக்ஷனாட்ட. வச்சிருக்கிறாள்..."

"வச்சிருக்கட்டும்," என்றார் சோமசேகரம். "நிப்லா எங்க?"

"ஓடுறாள். குடுத்திட்டாள். டிக்குள்ள போயிட்டாள். அடிச்சாள்... அவையிட பிள்ளையிட கால்ல பட்டு வெளியில."

"கால்லயா? டிக்குள்ளயா? விசில் எங்க?"

"ஊதேல்ல."

சோமசேகரம் எழும்பினார். எழும்பிய வேகத்தில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. இருபத்திரண்டு வருடத்துப் பழைய குரல் மைதானத்தின் மறுகரை வரை போனது.

"டேய் அம்பயர்! உனக்கென்ன, கண் தெரியாதா?"

ஜவ்பர் வாயைத் திறந்தபடி இருந்தார். டினேஷ் நிலத்தைப் பார்த்தான். கந்தளாயிலிருந்து வந்திருந்த சனங்கள்கூடத் திரும்பி, கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ற மனிதரைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் சிரித்தது சோமசேகரம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

பைக்கை மைதானத்திலேயே விட்டுவிட்டு நால்வரும் நடந்து போகும் வழி நெடுக ஜவ்பர் குறை சொல்லிக்கொண்டே வந்தார். நியாயமான பெனால்டி கோர்ணர் போய்விட்டது, அடுத்த கிழமை கந்தளாய்க்கே போய் விளையாட வேண்டும், அங்கே குளத்துக் காற்று, பந்து நேரே போகாது, போய்வர ஒரு நாள் போய்விடும், சாப்பாடும் சரி வராது. சோமசேகரம் றஊப்பின் தோளில் கையை வைத்தபடி எல்லாவற்றையும் ரசித்துக் கேட்டார். இடையில் தன் பங்குக்கு நடுவரைப் பற்றி இரண்டு சொல் சேர்த்தார். பந்து எங்கே பட்டது, எந்தக் கால், எத்தனை அடி தூரம் என்பதெல்லாம் சரியாக இருந்தது.

"இவ்வளவு குறை சொல்லுறாய், கந்தளாய்க்கு நீ வரேல்லையோ?" என்று டினேஷ் கேட்டான்.

"வராம? வான் என்னட்டத்தானே கிடக்கு," என்றார் ஜவ்பர். "ஏசி வேலை செய்யாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

வீட்டுக் கேற்றைத் திறந்த சீலா நால்வரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் வென்றது என்று அவள் கேட்கவில்லை. சோமசேகரம் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார்.

"நில்லும், நில்லும்," என்றாள் சீலா. "அடுப்பில மீன் கிடக்கு. குசினிக்கு வந்து சொல்லும்."

சுவரைத் தடவிக்கொண்டு அவர் குசினிக்குள் போனார். கதிரை ஜன்னலோரத்தில் வெறுமையாகக் கிடந்தது. "கடல் பக்கத்தால ஓடினாள்," என்ற குரலோடு மீன் பொரியும் சத்தமும் வாசல் வரை வந்தது.