விசாரணையில் இருக்கிறது

மலை வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போது பாட்டு பாதியில் நின்றுபோனது. கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த என் போனை ஒரு கையால் தட்டிப் பார்த்தேன். திரை கறுத்துக் கிடந்தது. கீழே விழவில்லை, நனையவில்லை, ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறிய போன். எங்கள் பஸ்ஸில் பாட்டு இல்லாமல் போவதென்றால் அது இழவு வீட்டுக்குப் போகும்போதுதான். ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து உட்கார்ந்திருந்த சனமெல்லாம் திடீரென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"என்ன பெரியவரே, பஸ்ஸுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோகும் ஃபிலோமேனா.

"போன் செத்துப்போச்சு."

"உங்க மக வித்ததுதானே? என்னுது நேத்தே போயிடுச்சு. காசு போனாக்கூடப் பரவால்ல, என் தங்கச்சி சிட்னியில இருந்து திட்டுற திட்டு கேக்காம எனக்குத் தூக்கமே வரல."

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பின் இருக்கையிலிருந்து ஒருவன் தன்னுடையதும் போய்விட்டது என்றான். இன்னொருத்தி, வீட்டில் ரெண்டு என்றாள். ஆப்பியா பட்டணம் போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

என் மகள் பெனினா சந்தைக்கு எதிரே போன் கடையில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு விலை குறைத்து அந்த மாடலை விற்றார்கள். நம்ம ஊர்ப் பிள்ளை விற்கிறாள் என்று பாதி ஊர் அவளிடம்தான் வாங்கியது. அன்று கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். தெரு வரைக்கும் ஆள் நின்றது. ஆளுக்கொரு கறுத்த போனைக் கையில் ஏந்தி, செத்த கோழிக்குஞ்சைக் கொண்டுவந்தவர்கள் போல நின்றார்கள். உள்ளே பெனினா ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தயாரிப்புக் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகம், விசாரணையில் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் என் மனைவி சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, "விசாரணையில இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தாள்.

அன்று காலைதான் எத்தியும் அவன் தம்பி மலாகியும் பவளப்பாறைக்கு வெளியே மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி அவர்கள் வீடு. நடுக்கடலில் எஞ்சின் நின்றிருக்கிறது. எத்தி போனை எடுத்திருக்கிறான், கறுப்பு. தம்பி தன்னுடையதை எடுத்திருக்கிறான், அதுவும் கறுப்பு. படகில் முன்பு கரையைக் கூப்பிட்டுப் பேசுகிற ரேடியோ இருந்தது. பெனினா கடையில் வைத்து, "இது கையில இருக்கையில ரேடியோ எதுக்குண்ணே? தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதால், எத்தி அந்த ரேடியோவை விற்று அந்தக் காசில் தம்பிக்கும் ஒரு போன் வாங்கினான். நீரோட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. தூரத்தில் கரை தெரிந்த ஒரு நேரத்தில் மலாகி தண்ணீரில் குதித்து நீந்தினானாம். சில நாள் கழித்து எத்தியை ஒரு வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது. மலாகி வரவே இல்லை.

ஊர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோயிலில் எங்கள் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மலாகியின் சித்தப்பா மகன்கள் சாலையோரம் நின்று என் பஸ்ஸைப் பார்ப்பார்கள், ஏறமாட்டார்கள். மலாகியின் மனைவி ரூத்தா கைக்குழந்தையோடு எத்தி வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல் வண்டியை ஓட்டப் பழகிக்கொண்டேன்.

நான் என் குடும்பத்தின் தலைவர். அண்ணன் செத்தபிறகு அந்தப் பட்டம் என் தலையில் இறங்கியது. கல்யாணத்துக்குப் பன்றி, சாவுக்குப் பாய், சண்டைக்கு அபராதம், எல்லாவற்றுக்கும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டு வாயிலிருந்து வந்த சொல்லால் ஒரு வீட்டில் ஆள் போய்விட்டால், தலைவன் பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு அந்த வீட்டு முன்னால் உட்கார வேண்டும். இஃபோங்கா என்போம் அதை. அவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னித்தார்கள். விலக்காவிட்டால் அதற்கப்புறம் நடப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

போகப்போகிறேன் என்று ஒரு ராத்திரி சொன்னதும், படுத்திருந்த பெனினா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆக்லாந்துல இருந்து கம்பெனி ஆள் வந்துருக்காருப்பா. எங்க எல்லாரையும் நிக்கவெச்சுச் சொல்லிட்டாரு. மன்னிப்புங்கற வார்த்தையே வாயில வரக்கூடாதாம். கடையில மட்டும் இல்ல, வீட்டாளுங்ககூட. நீங்க போய் பாயப் போத்திக்கிட்டா கம்பெனி தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என் வேலை போயிடும்."

"கம்பெனிக்காக நான் உக்காரல."

"அப்ப யாருக்கு? போனை நானா செஞ்சேன்?"

"போனை நீ செய்யல. ரேடியோ எதுக்குன்னு கேட்டது யாரு?"

அவள் முகம் செத்துப்போனது. கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கே தோன்றியது.

"அப்படிச் சொல்லித்தான் விக்கச் சொன்னாங்க. எல்லாருக்கும் அதைத்தான் சொன்னேன்" என்றாள். பிறகு படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் வருமானம் டீசலுக்கும் டயருக்கும் சரியாகப்போகும். அவள் சம்பளத்தில்தான் என் மனைவியின் சர்க்கரை மருந்தும் சின்னவர்களின் பள்ளிக்கூடமும் ஓடுகின்றன. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அந்தப் போனைச் செய்தவர்களுக்கு இப்படி ஒரு தீவு இருப்பதே தெரியாது. அந்தக் கம்பெனிக்குத் தலை எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பாய்க்குக் கீழே வைக்க ஏதாவது ஒரு தலை வேண்டுமே. எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விடியலில் என் மனைவி பெட்டியைத் திறந்து, தாழை நாரில் பின்னிய மெல்லிய பாயை எடுத்துத் தந்தாள். பெனினாவின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்பதற்கு அடையாளமாக விறகும் அடுப்புக் கல்லும் கொண்டுபோக வேண்டும். கல் மூட்டையை நான் தூக்கப் போனபோது இன்னொரு கை அதைப் பிடித்தது. பெனினா. கடையின் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"லீவு சொல்லிட்டியா?"

"சொல்லல" என்றாள். "நடங்கப்பா."

எத்தி வீட்டுக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்து பாயை இருவர் தலைக்கும் மேலாகப் போர்த்திக்கொண்டோம். தலையைக் குனிந்துகொண்டால் தெரிவதெல்லாம் நம் முழங்காலும் கொஞ்சம் புல்லும்தான். உள்ளே ஆட்கள் எழுந்தது கேட்டது. குழந்தை அழுதது. யாரோ பெருக்கத் தொடங்கினார்கள். யாரும் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூண்மேல் கூரை மட்டும் நிற்கும் சுவரில்லாத வீடு, எங்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வெயில் ஏறியது. பாய் சூடாகிப் பழைய பெட்டி வாசனை வந்தது. எறும்புகள் என் காலைப் பாதையாக்கிக்கொண்டன. பெனினாவின் மூச்சு மட்டும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"வரமாட்டாங்களாப்பா?"

"பேசாத."

என் முதுகு விட்டுப்போகும் என்று நினைத்த நேரத்தில் காலடி கேட்டது. ஆணின் காலடி. பாயின் ஓரம் தூக்கப்பட்டது, வெளிச்சம் உள்ளே அடித்தது. முடிந்தது, கடவுளே, முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. ஆனால் பாய் விலகவில்லை. எத்தி குனிந்து உள்ளே வந்து என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, பாயைத் தன் தலைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டான். வெயிலில் வெந்த அவன் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

"எத்தி, நீ இங்க வரக்கூடாது" என்றேன். "நீ அந்தப் பக்கத்து ஆளு. நீதான் பாயத் தூக்கணும்."

"நான் தூக்க முடியாது பெரியவரே."

"ஏன்?"

"அவன் தானா குதிக்கல." குரலை அவன் தாழ்த்திக்கொள்ளவில்லை. "கரை தெரியுது, நீந்திப் போடான்னு நான்தான் சொன்னேன். மாட்டேன்னான். பயந்தாங்கொள்ளின்னு திட்டினேன். வீட்டுல யாருக்கும் சொல்லல."

உள்ளே மறுபடியும் தொடங்கியிருந்த துடைப்பச் சத்தம் நின்றது. பெனினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தி அழுதானா என்று தெரியவில்லை, அவன் தோள் என் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் பக்கம் பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடத்தான் எனக்குத் தெரிந்தது. தலைவர் என்று பெயர்.

வீட்டுப்படியில் காலடி இறங்கியது. இந்த முறை மெதுவாக, ஒரு பக்கம் பாரம் சுமந்த நடை. பாய் ஓரத்துக்கும் புல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ரூத்தாவின் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. ஈரமாக இருந்தன, பெருக்கிய தூசி விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. மேலே குழந்தை எதையோ சப்புகிற சத்தம் கேட்டது. பாதங்கள் முன்னால் வரவும் இல்லை, திரும்பவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு குனிந்திருந்தோம்.