மகள் ஓட்டிய வண்டியில் எந்த வகுப்பு

மகளிடமிருந்து போன் வந்தபோது சலூன்காரர் பேக்கரிக்காரரின் வலது கன்னத்தில் கத்தியை வைத்திருந்தார். கத்தி கையில் இருக்கும்போது போனை எடுப்பதில்லை என்பது அவருடைய கட்டுப்பாடு. ஆனால் மகள் கடை நேரத்தில் அழைப்பவள் அல்ல. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு எடுத்தார்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பகல் எக்ஸ்பிரஸ் என் கையில. நான்தான் மெயின் டிரைவர்."

அவள் முதலில் உதவி டிரைவராக இருந்தாள். பிறகு சிமென்டும் நிலக்கரியும் ஏற்றிய சரக்கு வண்டிகளை ஓட்டினாள். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அவள் பொறுப்பில் வருவது இதுதான் முதல் தடவை.

"அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்கப்பா. கடைசி ஸ்டேஷன்ல எனக்கு டியூட்டி முடிஞ்சிடும். சேர்ந்து சாப்பிடலாம்."

"வராம இருப்போமா கண்ணு? எந்த கிளாஸ்ல வரட்டும்?"

மகள் சிரித்தாள். "அது உங்க இஷ்டம்பா. எல்லாப் பெட்டியையும் நான்தான் இழுக்கறேன். எல்லாம் ஒண்ணாத்தான் போய்ச் சேரும்."

போனை வைத்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வாய் காதுவரை போயிருந்தது. பேக்கரிக்காரர் பாதி முகத்தில் நுரையோடு, "என்ன மாஸ்டர், லாட்டரியா?" என்றார்.

"அதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல" என்று விஷயத்தைச் சொன்னார்.

அதோடு கடையில் அன்றைக்கு வேறு பேச்சே எடுபடவில்லை. பேக்கரிக்காரர் ஒரே முடிவாக இருந்தார். "பெத்த பொண்ணு ஓட்டுற வண்டி. பர்ஸ்ட் கிளாஸ் ஏசிதான். இல்லேன்னா வீட்லயே இருங்க." பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. "ஏசில என்னய்யா தெரியும்? கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். இரண்டாம் வகுப்பு ஜன்னலோரம் போங்க. வளைவுல வண்டி திரும்பறப்ப இஞ்சினே கண்ணுக்குத் தெரியும்." முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் ஆளுக்கொரு வகுப்பைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சலூன்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாலும் மனதுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் இந்த வேலைக்குப் பரீட்சை எழுதியபோது இதே பெஞ்சில் உட்கார்ந்துதான் மச்சான் முறைக்காரர் ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு இரும்போட என்ன வேலை? ஒரு ஆபீஸ்ல உக்கார வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். அன்றைக்கு இவர் கையிலிருந்த சவரத்தை மட்டும் கவனித்தார். சவரம் செய்யும்போது வாதம் செய்தால் கத்தி தடம் மாறிவிடும்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டார். அவள் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எதையும் சுருக்கமாகத்தான் சொல்வாள்.

"ஏசி" என்றாள்.

"ஏன்?"

"நாள் முழுக்க கடையில நின்னுக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாவது காலை நீட்டிக்கிட்டு போகணும். அதுவும் என் பொண்ணு ஓட்டிட்டுப் போறப்ப, மகாராணி மாதிரி."

அதற்குமேல் அப்பீல் கிடையாது. முதல் வகுப்பில் இரண்டு டிக்கெட் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையும், அவள் விசேஷத்துக்கென்று வைத்திருந்த சேலையும் அணிந்து ஸ்டேஷனுக்கு வந்தார்கள். மகள் இஞ்சினுக்குள் போய்விட்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பிளாட்பாரத்தின் முனைவரை நடந்து, உயரத்தில் ஜன்னலுக்குள் குனிந்திருந்த அந்தத் தலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஏசி பெட்டி வண்டியின் வால்பக்கம் இருந்தது. தள்ளு கதவு போட்ட சின்ன அறை. மெத்தென்ற இருக்கைகள், தரையில் கம்பளம். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். எதிரே கோட்டுப் போட்ட ஒருவர் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு இளம்பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

வண்டி கிளம்பியது. சலூன்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். ஹார்ன் சத்தம் இங்கே எட்டவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கோட்டுக்காரரைப் பார்த்து, "சார், இந்த வண்டிய ஓட்டுறது யாருன்னு தெரியுமா?" என்றார்.

"ம்?" என்றார் அவர், தலை நிமிராமல்.

"இந்த வண்டிய…"

"ஸாரி, ஒரு மீட்டிங்ல இருக்கேன்."

இளம்பெண் கண்ணைத் திறந்ததும் அவள் பக்கம் திரும்பினார். அவள் பணிவாகச் சிரித்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். நாளெல்லாம் பேசிப் பிழைக்கிற மனிதர். வாயில் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிட்டது. மனம் நிறைய இருப்பதைச் சொல்ல ஆளில்லாமல் அவர் நெளிவதை மனைவி பார்த்தாள்.

"போங்க" என்றாள். "போய் யார்கிட்டயாவது சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா வெடிச்சிடுவீங்க."

பெட்டிக்குப் பெட்டி வழி இருந்தது. அவர் முன்னால் நடந்தார். போகப்போகக் கம்பளம் போய் ரெக்ஸின் வந்தது, ரெக்ஸின் போய் மரப்பலகை வந்தது. குளிர் குறைந்து சத்தம் கூடியது. இஞ்சினுக்கு அடுத்த சாதாப் பெட்டியில் உட்கார இடமில்லை. கதவோரம் சாய்ந்து நின்றார். நின்ற மறு நொடியே ஹார்ன் நீளமாக ஒலித்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இப்ப அடிச்சது என் பொண்ணு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

ஒரே நேரத்தில் பத்துத் தலைகள் திரும்பின.

"உங்க பொண்ணா? டிரைவரா?" என்றாள், பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ். அவ்வளவு போதுமே. சின்ன வயதில் மிக்ஸியைக் கழற்றிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியது, சரக்கு வண்டியோடு மழையில் காட்டு நடுவே ஒரு நாள் பூராவும் காத்துக் கிடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். கேட்டவர்கள் அவர் வசதியாக நிற்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

சட்டையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளியோடு நின்ற ஒரு பெயின்டர் மட்டும் சிரித்தார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பொம்பளப் புள்ள ஓட்டுதுன்னா எல்லாரும் கம்பிய கெட்டியாப் பிடிச்சுக்கோங்கப்பா! எங்க கொண்டு போய் முட்டுமோ!"

சிலர் சிரித்தார்கள். சலூன்காரருக்கு முகம் சுண்டியது. பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் நர்ஸ், "அவரு கிடக்கறாரு, நீங்க டீ குடிங்கப்பா" என்று பிளாஸ்க் மூடியில் விளிம்பு தட்ட ஊற்றி அவரிடம் நீட்டினாள். மற்றவர்களுக்கும் காகிதக் கப்பில் ஊற்றினாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று.

பெயின்டர்தான் முதலில் ஜன்னலைக் கவனித்தார்.

"ஏங்க, வண்டி எப்ப நின்னுச்சு?"

எல்லோரும் வெளியே பார்த்தார்கள். ஒரு புளியமரம் அசையாமல் நின்றது. ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஸ்டேஷன் இல்லாத இடத்தில், நடு வெளியில் நின்றிருந்தது. நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் தள்ளாடவில்லை. சலூன்காரர் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கை லேசாக இருக்க வேண்டும் என்பது அவர் தொழிலில் பாதி. கத்தி போனதே தெரியாமல் மழித்திருக்க வேண்டும். அத்தனை டன் இரும்பை அப்படி ஒருத்தி நிறுத்தியிருக்கிறாள். அவர் டீயைக் குடிக்கவும் மறந்து நின்றார்.

அந்த நேரம் டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஏறக்குறைய சலூன்காரர் வயதுதான் இருக்கும். டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி மறுபடியும் பார்த்தார்.

"சாதா டிக்கெட்ட வச்சுக்கிட்டு ஏசில உக்காந்திருக்கிறவங்கள தினமும் பிடிக்கறேன். ஏசி டிக்கெட்ட வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். என்னங்க, குளிரு ஒத்துக்கலியா?"

"டிரைவரோட அப்பா சார் அவரு!" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

பரிசோதகர் டிக்கெட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "அப்படியா? முன்னாடி ரயில்வே கேட்டுல ஒரு லாரி தண்டவாளத்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அவங்க தூரத்துலயே கவனிச்சு நிறுத்திட்டாங்க. லாரிய நகர்த்தினதும் எடுத்துடுவாங்க."

அவங்க. நிறுத்திட்டாங்க. எடுத்துடுவாங்க. தன் வயதுக்காரர் ஒருவர் தன் மகளைப் பற்றி அப்படிப் பேசுவதை அவர் இதுவரை கேட்டதில்லை. வீட்டில் அவள் 'ஏய்', 'கண்ணு', 'எரும'. கண்ணில் நீர் முட்டியது. டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தார்.

பெயின்டர் மெதுவாக அருகில் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்க பொண்ணு எவ்வளவு வருஷமா ஓட்டுறாங்க?"

வண்டி கிளம்பிய பிறகு அவர் ஏசி பெட்டிக்குத் திரும்பினார். நடந்ததையெல்லாம் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். அறைக்குள் அவள் வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியிலும் அவள் கண் அசந்து அவர் பார்த்ததில்லை. பஸ்ஸில் போனாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, டிரைவருக்காகத் தானே பிரேக் போடுவதுபோல் காலை ஊன்றிக்கொண்டு வருவாள். கோட்டுக்காரர் இப்போது கம்ப்யூட்டரை மூடி வைத்திருந்தார். "நீங்க போனதுலேர்ந்து நல்ல தூக்கம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க என்னமோ கேட்டீங்களே, யாரு ஓட்டுறதுன்னு?"

"இவ பெத்த பொண்ணு சார்" என்றார் சலூன்காரர், அதே தாழ்ந்த குரலில்.

கடைசி ஸ்டேஷனில் மகள் இஞ்சினிலிருந்து இறங்கும்போது சாதாப் பெட்டி ஜனம் பாதி அங்கே நின்றுகொண்டிருந்தது. நர்ஸ் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெயின்டர் கும்பிட்டுவிட்டுப் போனார். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அப்பாவையும் அம்மாவையும் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"அப்பா! என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. உள்ளதத்தான் சொன்னேன்."

"ஏசிக்குக் காசக் கட்டிட்டு வழியெல்லாம் நின்னுக்கிட்டு வந்தாரு உங்கப்பா" என்றாள் மனைவி. மகளின் நெற்றியில் இருந்த கறையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "நான் நல்லாத் தூங்கினேன்."

மகள் அம்மாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "நீயா? தூங்கினியா?"

"நீதானே ஓட்டுன" என்றாள் அம்மா, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

இப்போதெல்லாம் மகள் ஓட்டும் வண்டியில் போவதென்றால் அவர்கள் வகுப்பைப் பற்றி விவாதிப்பதில்லை. மனைவிக்கு ஏசியில் ஒரு டிக்கெட், அவருக்கு இஞ்சினுக்கு அடுத்த சாதாப் பெட்டியில் ஒன்று. இறங்கும் இடத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள்.