கடைசிப் பீரியட் முடிவதற்குள் எழுதியது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததே இல்லை. என் மகள் படிக்கும் பள்ளிக்கு நான் எழுதிய கடிதம். ஏழு தடவை எழுதினேன். மூன்றாவது தடவையிலேயே கோபம் தலைக்கேறி, கடிதத்துக்குள் ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் என்ன செய்ய?

பிழைப்புக்கு நான் எழுதுவது சலவை இயந்திரத்துக்கும் மிக்ஸிக்கும் கூட வரும் கையேடு. “மூடியைச் சரியாக மூடிய பிறகே இயக்கவும்” என்று, யாருமே படிக்காமல் தூக்கிப்போடுகிறார்களே, அந்த வாக்கியங்கள் என்னுடையவை. கதை எழுதுவது ஆசைக்கு. இரண்டும் ஒரே மேசையில் நடக்கும். அந்த மேசைதான் பின்னால் என் மானத்தை வாங்கப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: அவள் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் போல

(அடித்துவிட்டேன். வண்ணத்துப்பூச்சி பக்கத்துப் பையனின் பெயிண்ட் தண்ணீரைக் கொட்டிவிடாது.)

இரண்டாவது முயற்சி: ஏடிஎச்டி என்கிற கவனச்சிதறலும் துறுதுறுப்பும் மூளையின்

(இதுவும் வேண்டாம். டாக்டர் இதை என்னைவிட நன்றாக எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.)

மூன்றாவது: அவளுக்கு ஆறு வயது. ஷூ போடு என்றால் ஒன்றைப் போட்டுவிட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி பால்கனிக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு எறும்பு இருக்கும். வீட்டில் அவள் பெயர் லிஃப்ட். லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர் வைத்தது. “நாம அமுக்கின மாடியில நிக்காது. ஆனா எல்லா மாடிக்கும் போகும்” என்பார்.

இது இருக்கட்டும்.

3.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். அடுத்த வாரத்திலிருந்து லிஃப்ட்டை மதியம் பன்னிரண்டரைக்கே கூட்டிக்கொண்டு போக நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“அவளுக்கும் நல்லது, மத்த பிள்ளைங்களுக்கும் நல்லது. வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டுமே.”

“அவ களைச்சுப் போகல மேடம். நாமதான் களைச்சுட்டோம்” என்றேன். (இல்லை. இதைப் படியிறங்கும்போதுதான் யோசித்தேன். அங்கே “யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்று அசடு வழிந்துவிட்டு வந்தேன். கதையிலாவது சொல்லிக்கொள்கிறேனே.)

சாயங்காலம் வீட்டுக்காரர் படிவத்தை ஒரே பார்வை பார்த்தார். “பழுதுன்னு போர்டு மாட்டிட்டுப் போறதுக்கு மெக்கானிக் எதுக்கு? போர்டு மாட்ட யாரால முடியாது? நீ கையெழுத்துப் போடாத.”

லிஃப்ட் சோபா முதுகில் நடந்துகொண்டே கேட்டாள். “மதியமே வந்துட்டா, கடைசிப் பீரியட்ல மிஸ் படிக்கிற கதை?”

“நான் வீட்டுல படிக்கிறேன்டா கண்ணு.”

“நீ படிச்சா அது வேற கதை. எனக்கு அந்தக் கதையோட முடிவு தெரியணும். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது!”

சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். ஒரே இடத்தில் அவள் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து ஏழு தடவை எழுதியதுதான் அந்தக் கடிதம்.

4.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

கதைக்கு ஒரு வில்லி வேண்டாமா? வகுப்பாசிரியை அகப்பட்டார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் விசில் மிஸ். நாலு பக்கத்துக்கு அவரை வறுத்தெடுத்துவிட்டேன். மறுநாள் காலை, ஒரு காலில் ஷூவோடு ஓடும் மகளைத் துரத்திக்கொண்டே மேசையிலிருந்த தாள்களை அள்ளிக் கவரில் போட்டேன். கடிதம் ஒரு பக்கம், கதை நாலு பக்கம். ஐந்தும் பள்ளிக்குப் போய்விட்டன.

எனக்குத் தெரிந்தது, கடிதத்தைப் பார்த்துத் தலைமையாசிரியை கூட்டிய கூட்டத்தன்றுதான். விசில் மிஸ் எதிரில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் நாலு பக்கம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அவர் தாள்களை என் பக்கம் தள்ளினார். நான் எழுதியதும் அவர் எழுதியதும் இங்கே அப்படியே:

“சிரிப்புக்கு அபராதம் போட்டதுபோன்ற முகம்.”*

* என் முகமே இப்படித்தான். எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

“ஒரு நிமிஷம்கூட அவளுக்கென்று ஒதுக்காதவர்.”*

 * வகுப்பில் முப்பத்தாறு பேர். இதையும் கதையில் எழுதவும்.

“உட்கார், உட்கார் என்பதைத் தவிர வேறு வார்த்தை அறியாதவர்.”*

* தவறு. கடைசிப் பீரியடில் நான் கதை படிக்கும்போது என் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டேதான் கேட்பாள். தடுத்ததில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

மூன்றாவதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று அதைச் சத்தமாக வாசித்தேன்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “நடந்துகிட்டே இருந்தா பாடம் காதுல ஏறுதா?”

“ஏறுது மேடம். உட்கார வச்சாத்தான் ஏற மாட்டேங்குது” என்றார் விசில் மிஸ். சொன்ன பிறகு அவரே ஒரு நொடி யோசித்தார். “இது எனக்கு இவ்வளவு நாள் தோணவே இல்ல பாருங்க.”

“நான் முன்னாடியே கொடுத்த டாக்டர் ரிப்போர்ட்ல இருக்கு, மூணாவது பக்கம்” என்றேன்.

ரிப்போர்ட்டை அலுவலக அலமாரியிலிருந்து எடுத்து வந்தார்கள். கவர் பிரிக்கப்படவே இல்லை. சரிதான், அதுவும் ஒரு கையேடு!

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. படிப்படியாகச் சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். பின்வரிசையில் நின்று எழுத உயரமான ஒரு மேசை போடுங்கள். பீரியடுக்குப் பீரியட் வருகைப் பதிவேட்டை அவள் அலுவலகத்துக்குக் கொண்டுபோகட்டும், கால் ஓயும்.

“பதிவேடு பத்திரமா வந்து சேருமா?” என்றார் தலைமையாசிரியை.

“ரெண்டு நாள் வராது மேடம். மூணாவது நாள் வரும்.”

விசில் மிஸ் சிரித்துவிட்டார். (என் வில்லி செத்தாள்.)

“நாலு வாரம் பார்ப்போம். சரிவரலன்னா அரைநாள்தான்” என்றார் தலைமையாசிரியை.

“சரி மேடம். ஆனா எதை வச்சு சரி, தப்புன்னு முடிவு பண்ணுவோம்னு இப்பவே எழுதிக்கலாம்.” இதை நிஜமாகவே, அங்கேயே, முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

5.

முடிவு, முதல் வகை: ஆண்டு விழாவில் லிஃப்ட் பரிசு வாங்குகிறாள், அரங்கமே எழுந்து நின்று

(இந்தத் தடவை நானாகவே பிரதியை விசில் மிஸ்ஸிடம் கொடுத்தேன். ஓரத்தில்: “திகட்டுகிறது. நீக்கவும்.”)

இரண்டாவது வகை: தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தப் படிவத்தை மறுபடியும்

(கை வரவில்லை. எழுதமாட்டேன், போங்கள்.)

மூன்றாவதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். என்னிடம் இருக்கும் தகவலை மறைக்காமல் தருகிறேன். நாலு வாரத்தில் பள்ளியிலிருந்து இரண்டு போன் வந்தது. ஒன்று மேசைமேலிருந்து குதித்ததற்கு. இன்னொன்று பதிவேட்டைக் காணவில்லை என்று. அது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடைத்தது. முந்தைய மாதம் பதினேழு போன். இன்று நாலாவது வாரத்தின் கடைசி நாள். பள்ளி விட்டதும் தலைமையாசிரியை எங்களை வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, எண்ணெய்க் கறை போகக் கை கழுவிக்கொண்டிருக்கிறார்.

மணி மூன்று. போன் என் முன்னால் இருக்கிறது, அடிக்கவில்லை. அங்கே விசில் மிஸ் புத்தகத்தைத் திறந்திருப்பார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒருத்தி நடந்துகொண்டிருப்பாள். அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் இன்றைக்குத்தான்.

அதன் முடிவு எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காதீர்கள். மூன்றரைக்குப் பள்ளி வாசலுக்கு வாருங்கள். ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள் பாருங்கள், அவளுக்குத் தெரியும்.