எறும்பு தெரிகிற போன்

நான் சட்டை பார்க்கிறவள். ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை மேசையில் பத்தொன்பது வருஷம். இரண்டு சட்டைகளை அருகருகே போட்டால், எதில் தையல் ஒரு நூல் விலகியிருக்கிறது என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவேன். குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். என் கையில் அந்தச் சுருளைப் பார்த்தாலே தைக்கிற பெண்களுக்கு முகம் வாடிவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவள், இரண்டு மலிவு விலைப் போன்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் கோட்டைவிட்டேன்.

போன் என் தம்பிக்கு. அவன் கண்ணாடி பொருத்துகிறவன். வேறு ஊரில் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்குக் கண்ணாடி போட அழைத்திருந்தார்கள். பதினோரு மாத வேலை, ஞாயிற்றுக்கிழமை பயணம். அந்த நேரம் பார்த்துத்தானா அவன் பழைய போன் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் மாட்டி நொறுங்க வேண்டும்?

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் மனைவிக்கும் அப்படித்தான். அவர்களுடைய ஐந்து வயது மகளுக்கும் கேட்காது. அந்த வீட்டில் பேச்செல்லாம் கையில்தான். சண்டையும் கையில்தான், அதைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும், அவ்வளவு காரசாரம். எங்களுக்குள் கையால் பேசியதை இங்கே வாயால் பேசியதுபோல எழுதுகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் தம்பி மகளுக்கு எறும்புக் கதை சொல்வான். இடது உள்ளங்கை கண்ணாடிச் சுவர். வலது கைச் சுண்டுவிரல் எறும்பு. அந்த எறும்பு நாற்பது மாடி ஏற வேண்டும். தினமும் ஒரு மாடிதான் ஏறும். வழுக்கும், விழும், மழையில் மாட்டும், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு யாருடைய காலணிக்கோ அடியில் ஒளியும். கதை இல்லாத நாளில் அவள் தூங்க மாட்டாள், வேறு யாரையும் தூங்க விடவும் மாட்டாள். அப்பா ஊருக்குப் போகிறார் என்றதும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்போ எறும்பு?"

"எறும்பு போன்ல வரும்" என்று தம்பி வாக்குக் கொடுத்துவிட்டான்.

காது கேட்கிற பிள்ளைக்குப் படம் தெரியாவிட்டாலும் அப்பா குரலாவது போனில் வரும். இவளுக்கு விரல் தெரியாவிட்டால், பதினோரு மாதத்துக்கு அப்பா பேசவே மாட்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான் விஷயம்.

நான் விடுவேனா? நாலு நாள் உட்கார்ந்து பார்க்காத வீடியோ இல்லை. எங்கள் கைக்கு எட்டிய விலையில் இரண்டு போன்தான் தேறின. ஒன்று நீலம், ஒன்று கருப்பு. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். பேட்டரி: நீலம். சேமிப்பு இடம்: நீலம். திரை: நீலம். முன்பக்கக் கேமரா: நீலத்துக்குப் பதினாறு மெகாபிக்சல், கருப்புக்கு எட்டு. கருப்பின் கட்டங்களில் எல்லாம் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, தாளைத் தம்பி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினேன். அது ஏதோ அம்மை போட்டதுபோல இருந்தது.

தம்பி தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என் கை தெரியுமா?"

"டேய், பதினாறு மெகாபிக்சல்! கை என்னடா கை, கைரேகையே தெரியும்!"

"ஆட்டினா?"

"ஆட்டினாலும் தெரியும். நாலு நாளா கண்ணு வலிக்கப் பார்த்து எழுதியிருக்கேன், என்கிட்டயே கேள்வி கேக்கறியா?"

அவன் தன் காதைத் தானே திருகிக் காட்டினான். அது என் பெயர். சின்ன வயதில் நான் எந்நேரமும் அவன் காதைப் பிடித்துத் திருகுவேன், அதனால் ஆறு வயதிலேயே எனக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டான். பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றால், 'நீ சொன்னா சரி, தாயே' என்று அர்த்தம்.

சனிக்கிழமை மதியம் நால்வரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாயை மூடினால் அபராதம் என்பதுபோலப் பேசுகிறவர். "மேடம் சொன்னது நூத்துக்கு நூறு. நீலம்தான். பாருங்க, வீடியோவுல பின்னாடி இருக்கிற குப்பை கூளத்தையெல்லாம் அதுவே மங்கலாக்கிடும். மூஞ்சி மட்டும் பளிச்சுனு நிக்கும்" என்றார். நான் தம்பியைப் பார்த்து ஒரு பார்வை விட்டேன்.

காட்டுவதற்கு வைத்திருந்த இரண்டு போன்களையும் மேசையில் எடுத்து வைத்தார். தம்பி மனைவி தன் போனோடும் மகளோடும் கடை வாசல் படிக்குப் போனாள், நானும் கூடப் போனேன். உள்ளே தம்பி நீலத்தை நிறுத்தி வைத்து அழைத்தான். கடை விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் ஜம்மென்று வந்தது. கையும் வந்தது. "பார்த்தியா?" என்று குழந்தையின் முதுகில் தட்டினேன். எழுந்து பில் போடச் சொல்லவும் போய்விட்டேன்.

தம்பி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான்.

"அங்க ஒரே ரூம்ல எட்டுப் பேரு. ரெண்டடுக்குக் கட்டில். மொத்த ரூமுக்கும் ஒரே பல்பு. அந்த மாதிரி இடத்துல பாக்கணும். இவர்கிட்ட கேளு."

கேட்டேன், பற்களைக் கடித்துக்கொண்டு. கடைக்காரரும் அரைமனதாக, மாடிப்படிக்கு அடியிலிருந்த சாமான் அறையைத் திறந்துவிட்டார். அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும், நடுவில் மஞ்சளாக ஒரு பல்பு. தம்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் மறுபடியும் படியில் வந்து உட்கார்ந்தேன், 'இவனுக்கு இருக்குது கச்சேரி' என்று முனகியபடி.

அழைப்பு வந்தது. நீலத்தில் தம்பி முகம் மெழுகு தடவியதுபோல வழவழவென்று மின்னியது. இவன் எப்போது இவ்வளவு அழகானான் என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவன் கதையைத் தொடங்கினான்.

கை இல்லை.

இருந்தது, ஆனால் கையாக இல்லை. அவன் தூக்கிய இடத்தில் ஒரு புகை எழுந்தது. விரல்கள் ஒன்றோடொன்று குழைந்து ஓடின. உடம்பைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனதும், கையையும் குப்பை கூளத்தோடு சேர்த்து அந்தப் புத்திசாலிப் போன் துடைத்தே எறிந்துவிட்டது. மணிக்கட்டு வரைக்கும் தம்பி, அதற்கப்புறம் வெறும் மங்கல்.

குழந்தை திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனாள். விரலால் திரையைத் துடைத்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பிக் கேட்டாள்.

"எறும்பு செத்துப்போச்சா?"

ஐயோ! நான்கு நாள் கண்விழித்து, கட்டம் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, இந்த எறும்பைக் கொல்லத்தான் இவ்வளவு பாடுபட்டேனா? கடைக்குள் ஓடினேன். "அந்த மங்கலாக்கற சனியனை அணைச்சுத் தொலைங்க!" என்று கத்தினேன். அணைத்தார். முகம் மெழுகுபோல ஆவதையும் நிறுத்தினார். படிக்கு ஓடிப் பார்த்தேன். புகை கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான், விரல் வரவில்லை. மறுபடியும் உள்ளே ஓடினேன்.

"வெளிச்சம் கம்மி மேடம். இந்த விலைக்கு இவ்வளவுதான்."

"அந்தக் கருப்பை எடுங்க."

"அது எட்டுதான் மேடம்."

"எட்டோ, எழவோ, எடுங்க!"

திரும்ப வந்து படியில் உட்கார்ந்தேன். கருப்பில் வந்த படம் பார்க்கச் சகிக்கவில்லை. திரை முழுக்க மணல் கொட்டியதுபோலப் புள்ளிகள். தம்பியின் முகம் பாதி இருட்டில். மூக்கு எங்கே முடிகிறது, மீசை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்புறம் அவன் கையைத் தூக்கினான்.

பத்து விரலும் இருந்தன. எண்ணலாம். இடது உள்ளங்கை சுவராக நிமிர்ந்தது. அதன் அடியில் வலது சுண்டுவிரல் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. குழந்தை படியிலிருந்து துள்ளினாள். எறும்பு உயிரோடு இருந்தது!

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தம்பி என்னை மறந்துவிட்டான். கதவடைத்த அறைக்குள் அவனும் மகளும் மட்டும் என்ற நினைப்பில் அவன் கை பறந்தது. எறும்பு ஏறுகிறது, காற்று அடிக்கிறது, கண்ணாடியில் இன்னொரு எறும்பு தெரிகிறது, அது தன் நிழல்தான் என்று தெரியாமல் இது வணக்கம் சொல்கிறது. இவ்வளவும் நான் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள். இடையிடையே குழந்தை கேள்வி கேட்டாள், அவன் கதையை நிறுத்தாமலே பதில் சொன்னான். அவள் சிரித்தாள், அவள் அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடேயப்பா, என் தம்பியா இவன்? இவ்வளவு பேச்சா இவனிடம்?

சிறு பிள்ளைகளாக இருக்கும்போது நானும் அவனும் சேர்ந்து ஐம்பது, அறுபது சைகைகள் உண்டாக்கினோம். சோறு, தண்ணீர், அப்பா வருகிறார், ஓடு. பிறகு அவன் பள்ளிக்கூடம் போய், தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து முழு மொழியைக் கற்றுக்கொண்டு வந்தான். நான் அந்த அறுபதோடு நின்றுவிட்டேன். எனக்குத் தம்பி பாஷை அத்துப்படி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. முப்பத்தைந்து வருஷமாக அவன் என்னோடு பேசும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, சொல்லைக் குறைத்து, கைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோலப் பேசியிருக்கிறான். ஒரு நாள்கூட அதை எனக்குக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு இருந்தது. அந்த மலிவுப் போனின் புள்ளிகளுக்கு நடுவில் அவன் ஒரு ராஜா மாதிரி இருந்தான்.

கருப்பை வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளைக் கிழித்தேன். தம்பி மனைவி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இனிமே என்கிட்டயும் அந்த மாதிரியே பேசு. வேகமா."

"உனக்குப் புரியாதே."

"புரியலன்னா நான் கேட்டுக்கறேன். உனக்கென்னடா?"

பஸ் ஹாரன் அடித்தது, அவனுக்கு அது கேட்கவில்லை. நான்தான் பிடித்துத் தள்ளி ஏற்றினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வந்தது. குழந்தை என் மடியில் இருந்தாள். திரையில் ஒரே இருட்டு. கட்டிலின் இரும்புக் கம்பி, பின்னால் யாருடைய துண்டோ தொங்கியது, முகமே இல்லை. பல்பு எங்கோ பக்கவாட்டில் இருந்திருக்க வேண்டும். பிறகு அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள் இரண்டு கைகள் மட்டும் வந்தன. அவள் உடனே திரையில் இருந்த விரல்களுக்கு முத்தம் கொடுத்தாள்.

எறும்பு அன்றைக்கு ஒரு மாடி ஏறியது. கதை முடிந்ததும் அந்தக் கைகளில் ஒன்று கீழே இறங்கி, இருட்டில் இருந்த காதைத் திருகியது. என்னைக் கூப்பிடுகிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் பேசினான், நான் கேட்டுக்கொண்டபடியே, முழு வேகத்தில். கடகடவென்று கொட்டி நிறுத்தினான். என் பெயர் நடுவில் இன்னொரு தடவை வந்தது. அதைத் தவிர ஒரு மண்ணும் புரியவில்லை. போனை இன்னும் பக்கத்தில் பிடித்தும் பயனில்லை.

குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்து இறங்கி எனக்கு எதிரே வந்து நின்றாள். தன் சின்னக் கைகளை என் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒவ்வொரு விரலாக, எனக்குத் தெரிந்த அந்த அறுபது சைகைகளுக்குள்ளேயே தேடித் தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அசல் அவள் அப்பா என்னோடு பேசுகிற மாதிரியே. அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அத்தை. அப்பா சொல்றாரு. கட்டில் சின்னது. கால் வெளிய நிக்குது. காதைத் திருகத்தான் ஆள் இல்ல."