பட்டினியில் ஏறிய எடை

தையற்காரி சாப்பிடாத நாட்களில்தான் அவளுடைய எடை கூடியது. நாற்பது வயதைத் தாண்டியதும் தொடங்கியது இது. பார்வைக்கு அவள் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாளே தவிர அப்படியொன்றும் பருமன் இல்லை. ஆனால் மதியச் சாப்பாடு தவறிப்போனால் மாலைக்குள் அவள் உட்காரும் முக்காலியின் கால்கள் அகன்றுகொள்ளும். காலைச் சாப்பாடும் சேர்ந்து போனால் கடைவாசல் தாரில் அவளுடைய செருப்புத்தடம் பதியும். அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதும் தெருவுக்குத் தெரிந்த விஷயம்தான். அவளுக்குப் பசி எடுத்தால் பக்கத்தில் இருந்த சாமான்கள் தங்கள் எடையை இழந்தன. இஸ்திரிப்பெட்டி காகிதம்போல ஆகி, சட்டைச் சுருக்கத்தின் மேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். கத்தரிக்கோல் மேசையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி நிற்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்பார்கள், பிறகு கையைத் தூக்கி அளவு கொடுப்பார்கள்.

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அதைப்பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை என்று அவன் நினைத்தான். மற்றவர்களுக்கு அந்த நினைப்பு இல்லை. வாயைக் கட்டச் சொன்னாள் நாத்தனார். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். முதலில் போய்ப் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். அவளும் வாயைக் கட்டினாள். அந்தக் கோடையில் அவர்கள் குடியிருந்த மாடியின் உத்தரம் விரிசல் விட்டது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் தரையையே பார்த்தார். கீழ்வீட்டுக்குக் குடிமாறினார்கள். அவள் இன்னும் இறுக்கிக் கட்டினாள். அதன் பிறகு வந்த மகளின் கல்யாணத்தில், குழுப்படம் எடுக்கிற நேரத்தில், அவள் நின்ற பக்கமாக மேடை சரிந்தது. படத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்கள். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை மகள் தன் வீட்டில் மாட்டவே இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா அவளை எடை மெஷினில் ஏறச் சொல்லவில்லை. எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டாள். கேட்டதற்குக் காரணம் இருந்தது. பஸ்ஸைச் சாய்த்துவிடுகிறார் என்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட கண்டக்டர் ஒருவர், வகுப்பறையில் நின்ற மேடைப்பலகை உடைந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வாத்தியார் ஒருவர், இன்னும் சிலர் என இதே கோளாறோடு டாக்டரம்மாவிடம் வந்த எல்லோருமே அதே வருஷத்தில் பிறந்தவர்கள். சண்டை நடந்த வருஷம் அது. ஊருக்குள் வரும் ஒரே பாலத்தை இரண்டு தரப்பும் அடைத்துவிட, மழைக்காலம் முழுக்க ஊர் பட்டினி கிடந்தது. தையற்காரியை வயிற்றில் சுமந்த அவளுடைய அம்மா, போஸ்டர் ஒட்டும் மாவுப்பசையைக் காய்ச்சிக் குடித்தாள். குடும்பத்தில் அதைச் சிரிப்புக்கதையாகவே சொல்லி வந்தார்கள். அந்த அம்மாவும் உயிரோடு இருந்தவரை கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"உள்ள இருக்கும்போதே உங்க உடம்பு ஒண்ணைக் கத்துக்கிச்சு," என்றாள் டாக்டரம்மா. "வெளியில சாப்பாடு கிடையாது, கிடைச்சதை விட்டுடாதேன்னு. இப்ப நீங்க ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் பாலத்தை மறுபடி அடைச்சுட்டாங்கன்னு நினைச்சுக்குது."

"அப்ப நான் கண்டபடி தின்னதால இல்லையா?"

"இல்ல. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. ஏறினது முழுசா இறங்காது. மேல ஏறாமப் பாத்துக்கலாம்."

தையற்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் யார் யாரிடமெல்லாம் பேச்சு வாங்கினோம் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது. மருமகன்.

"அத்தை, அவ சாப்பிட மாட்டேங்கிறா. வயித்துல அஞ்சு மாசம். ஒரு நாளைக்கு அரை ஆப்பிள், கொஞ்சம் டீ, அவ்வளவுதான். கேட்டா, எங்க அம்மா மாதிரி ஆக மாட்டேன்கிறா." சற்று நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்புறம், காலையில இருந்து டம்ளர் எல்லாம் மிதக்குது அத்தை."

மகள் குடியிருந்தது பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில். மெக்கானிக் முதலில் தான் மட்டும் மேலே போய்ப் பேசிப் பார்த்தான். மகள் அறைக்கதவைத் திறக்கவில்லை; கீழே இறங்கி வரவும் மாட்டேன் என்றுவிட்டாள். திரும்பி வந்து, மனைவியைப் பார்க்காமல் லிஃப்டைப் பார்த்துக்கொண்டு, "இது உன்னைத் தூக்காது," என்றான். "படி?" என்றாள் அவள். படிகள் ஒரு முனை சுவரில் சொருகி, மறுமுனை இரும்புக் கைப்பிடியைப் பற்றி நின்ற கல்பலகைகள். அவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். "வயிறு நிறைஞ்சிருந்தா ஒருவேளை தாங்கும். வழியில பசி எடுத்துச்சுன்னா தாங்காது," என்றான். ரொட்டியும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டான். கட்டடத்தில் இருந்தவர்கள் தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

அவள் சுவரை ஒட்டியே ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் ஊட்டினான், அவள் மென்று விழுங்கினாள், பிறகு அடுத்த அடி. கால் எடுத்த படி அவளுக்குப் பின்னால் முனகியது. மூன்றாவது மாடி தாண்டியதும் மேலே மகள் அழுகிற சத்தம் கேட்டது. பயத்திலும் பசி வரும் என்பது இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. கைப்பிடிக் கம்பி எடை இழந்து தன் குழிகளிலிருந்து எழும்பியது. அவள் காலடியில் கல் கோடு விட்டது. முழங்கையைப் பிடித்திருந்த கணவனின் கால்கள் படியை விட்டுத் தூக்கின. அவன் தலைகீழாகப் போகாமல் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, பையைப் பல்லால் பிரித்து, ஒரு முட்டையை அப்படியே அவள் வாயில் திணித்தான். "முழுங்குடி. அழுகையை அப்புறம் கேட்டுக்கலாம்." அவள் விழுங்கினாள். கம்பி குழிக்குள் போய் உட்கார்ந்தது. அவன் கால்கள் படியைத் தொட்டன. இருவரும் மேலே ஏறினார்கள்.

மருமகன் கதவைத் திறந்தபோது உள்ளே திரைச்சீலைகள் படுக்கைவசமாக நின்றன. கரண்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அம்மாவின் குரல் கேட்டு மகள் அறையை விட்டு வெளியே வந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது.

"ஏம்மா ஏறி வந்தே? கட்டடமே விழுந்திருக்கும்."

"நான் சாப்பிட்டு இப்படி ஆகலடி. பட்டினியால ஆனேன். அதுவும் பொறக்கறதுக்கு முன்னாடி கிடந்த பட்டினி."

"சும்மா சொல்றே. நான் சாப்பிடணும்னு சொல்றே."

"மேல பாரு. அதெல்லாம் யாரு பண்றது? நான் வழி முழுக்கத் தின்னுக்கிட்டேதான் வந்தேன். எனக்கு இப்பப் பசியே இல்ல."

மகள் தலையைத் தூக்கிக் கரண்டிகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளுடைய கை மெதுவாகத் தன் வயிற்றுக்குப் போனது. மெக்கானிக் பையைத் துழாவினான். ஒரு ரொட்டியும் ஒரு பழமும் மிச்சம் இருந்தன. தையற்காரி பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். முதல் வாய் உள்ளே போகவில்லை. இரண்டாவது போனது. "எல்லாரும் சிரிப்பாங்கம்மா," என்றாள் மகள், மென்றுகொண்டே. "சிரிக்கட்டும்," என்றாள் அம்மா. மருமகன் அடுப்பைப் பற்றவைத்தான். சாப்பாடு தயாராகி மகள் பாதி சாப்பிட்டிருந்தபோது கூரையிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எல்லாம் விழுந்து முடிகிறவரை ஒருவரும் அவற்றைப் பொறுக்கவில்லை. சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தையற்காரி அதன் பிறகு கீழே இறங்கவே இல்லை. அவள் ஏறி வந்த படிகளில் மூன்று, அன்று மாலையே மாற்ற வேண்டிய நிலையில் இருந்தன. தையல் மெஷினை மேலே கொண்டுவந்தார்கள். துணிகள் லிஃப்டில் வந்து போயின. மகள் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள். பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை எல்லாக் குழந்தைகளையும்போல இருந்தது. அது பசித்தால் அழுதது, அவ்வளவுதான். தொட்டில் தொட்டிலாகவே கிடந்தது. கட்டடம் மட்டும் தையற்காரியின் அறை இருந்த பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. குடியிருப்பவர்கள் மேசைக்கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்துக்கொண்டார்கள். புதிதாக வாடகைக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் வருகிற நேரத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கமாயிற்று.

பேத்தி நடக்கத் தொடங்கிய பின், பந்தை எங்கே விட்டாலும் அது பாட்டியின் அறைக்கே உருண்டு போகும்; குழந்தை அதன் பின்னாலேயே போய் மடியில் விழும். ஒருநாள் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தரையில் பந்தை வைத்துவிட்டுக் குழந்தை வெகுநேரம் காத்திருந்தது. பந்து நகரவில்லை. கையில் எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டியது.

"இது கெட்டுப்போச்சு."