அட்டையைத் தள்ளும் இயந்திரம்

மனிதகுலத்தின் உயிரே மருந்தாளுநரின் விரல்நுனியில் இருக்கிறது. இப்படித்தான் சேக்காட்டு மருந்துக்கடை வீரராகவன் நம்பினார். சீட்டைப் படித்து மருந்து தரும் இயந்திரம் வந்த பிறகு அந்த விரல்களுக்கு மூக்கைச் சொறிவதைத் தவிர வேலையில்லை. முதலாளியம்மா சித்ரா அவரை நிறுத்த நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத் தூக்கத்தில் இயந்திரத்தின் நீல வெளிச்சம் செம்பரம்பாக்கம் ஏரியாக விரிந்தது. மாத்திரைகள் மீன்களாக நீந்தின. அவருடைய நாற்காலி மட்டும் மெல்ல மூழ்கியது.

"அண்ணாத்தே, தூங்கினுகீறியா? எனுக்கு நாலு மாத்திர போதும். இது முழு அட்டையத் தள்ளுது" என்று எழுப்பினார் வாடிக்கையாளர் கன்னியப்பன்.

சித்ரா பெருமூச்சு விட்டார். "சார், இதுக்காச்சும் நீங்க இருங்க."

வேலை தப்பியது. வீரராகவன் கத்தரிக்கோலை எடுத்து, மருத்துவ உலகமே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் நிதானமாக நறுக்கினார்.

நாலாவது மாத்திரை இரண்டாக வெட்டுப்பட்டது.